மணி அடித்த பிறகு

கிரேன்காரருக்குக் காது கேட்காது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவருடைய மனைவி. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்னொருவர் ஆண்டவர். அவரிடம் சொல்லிச் சொல்லி இவருக்கு வாய் வலித்ததே தவிர, பதில் வந்தபாடில்லை. வந்திருந்தாலும் இவருக்குக் கேட்டிருக்காது, அது வேறு கதை. காது டாக்டரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த மனுஷன் தினம் நூறு காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பவர், இந்தக் காதா அவருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது? நரம்பு செத்துவிட்டது, கருவி வைத்தாலும் இரைச்சல்தான் மிஞ்சும் என்று எழுதிக் காட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அவர் வேலை பார்த்தது ஓர் இரும்புக் கிடங்கில். கூரைக்குக் கீழே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை தண்டவாளம் ஓடும், அதன்மேல் கிரேன் போகும். கிரேனோடு ஒட்டித் தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏணியில் ஏறி அதற்குள் உட்கார்ந்தாரென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். கீழே நிற்பவர்கள் கையால் சைகை காட்டுவார்கள். விரலை மேலே சுழற்றினால் தூக்க வேண்டும், உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் இறக்க வேண்டும், முஷ்டியை மடக்கினால் நிறுத்த வேண்டும். பேச்சுக்கே வேலையில்லை. காது போன மனிதனுக்கு இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும், சொல்லுங்கள். ஒரே ஒரு சிக்கல். ஆபத்து என்றால் கீழிருந்து விசில் ஊதுவார்கள். கிரேன்காரர் கண் சைகையில் இல்லாத நேரத்துக்காகத்தான் அந்த விசில். அது இவருக்கு ஊதினாலும் ஒன்றுதான், ஊதாவிட்டாலும் ஒன்றுதான்.

சொல்லியிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் சொன்ன மறுநிமிஷம் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். அந்தக் கூண்டை விட்டால் அவருக்கு என்ன இருந்தது? மனைவி இருந்தவரை அவள்தான் அவருக்குக் காதாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, கொஞ்ச நஞ்சம் உயிர் இருந்த அவருடைய வலது காதருகே வாயை வைத்து, பாஸ்டர் சொன்ன பிரசங்கத்தை மறுபடி சொல்லிக்கொண்டே வருவாள். இடையிடையே தன் கருத்தையும் சேர்த்துவிடுவாள். எது பாஸ்டர் சொன்னது, எது இவள் சொன்னது என்று பிரித்தெடுக்க முடியாது. அவளை அடக்கம் செய்த பிறகு அந்த வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவைச் சாத்திக்கொண்டது.

சைக்கிள் கடைக்கு மாடியில் ஒற்றை அறை அவருக்கு. காலையில் எழுந்தால் குழாயில் தண்ணீர் சத்தமில்லாமல் விழும். பாத்திரம் கை தவறித் தரையில் உருளும்போதும் சத்தமிருக்காது. தெருவில் லாரி போனால் மட்டும் கட்டில் கால் லேசாக அதிரும். அப்பாடா, ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார். சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே வாயசைத்துப் பேசிப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ரொம்பத் தனியாக இருந்தார். இதைப் பூசி மெழுகி வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

மகள் ஒருத்தி இருக்கிறாள், தூர தேசத்தில். ஆசை ஆசையாகப் போன் செய்வாள். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கேம்மா. சாப்பிட்டேன். நீ உடம்பப் பாத்துக்க. பிள்ளைங்கள நல்லாப் பாத்துக்க" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு வைத்துவிடுவார். அவள் அழுதாளா சிரித்தாளா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்பாவுக்குத் தன்மேல் என்னவோ கோபம் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள் போலிருக்கிறது. போன் வருவது குறைந்தது. அப்புறம் நின்றே போனது.

மிச்சம் இருந்தது சபை ஒன்றுதான். ஞாயிறு தவறாமல் போவார். பாட்டு கேட்காது, பிரசங்கம் கேட்காது, ஆனாலும் போவார். ஏனென்றால் அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர் கையை உயர்த்துவார். எல்லாரும் எழுந்து, கண்ணை மூடி, அவரவர் கஷ்டத்தை அவரவர் சொந்த வார்த்தையில், ஒரே நேரத்தில், வாய்விட்டு ஜெபிப்பார்கள். கடன்காரன், வீட்டுக்காரன், பிள்ளைக்கு ஜுரம், மாமியார் தொல்லை, எல்லாம் ஒன்றாகக் கலந்து கொதிக்கும். ஒருத்தர் சொல்வது இன்னொருத்தருக்கு விளங்காது. அதுதான் அதன் வசதியே. கொஞ்ச நேரம் கழித்து பாஸ்டர் மேசைமேல் இருக்கும் சின்ன மணியை ஒரு தட்டுத் தட்டுவார். உடனே எல்லா வாயும் மூடிக்கொள்ளும்.

இந்த ஒரு வேளைதான் கிரேன்காரர் ஊரோடு ஒருவராக இருக்கும் வேளை. அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை, எல்லாரும் பேசுகிறார்கள். அவரும் பேசுவார். தன் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாததால் கட்டடம் அதிரப் பேசுவார். மணி அடித்ததை எப்படிக் கண்டுபிடிப்பார் என்றால், முன்னால் இருக்கும் மரப்பெஞ்சின் முதுகில் இரண்டு கையையும் வைத்துக்கொள்வார். அத்தனை பேர் இரைச்சலுக்கு அந்த மரம் லேசாக நடுங்கும். நடுக்கம் நின்றால் இவரும் "ஆமென்" என்று நிறுத்திவிடுவார். ஒருநாளும் பிசகியதில்லை.

அவருக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்காருகிறவர் ஒரு வாட்ச்காரர். கைக்கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர். நாள் முழுக்க டிக்டிக்கென்ற சத்தத்தோடு வாழ்ந்து பழகிய காது அவருடையது. அப்படிப்பட்ட காதுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு தொண்டையைக் கொண்டு வந்து வைத்தால் மனுஷன் என்ன செய்வார்? கிரேன்காரருக்கு "இடி" என்று பெயர் வைத்ததே அவர்தான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார்.

"ஏங்க, கர்த்தர் என்ன அடுத்த ஊர்லயா இருக்காரு? பக்கத்துலதான இருக்காரு. மெதுவாச் சொன்னா ஆகாதா?"

கிரேன்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ஸ்தோத்திரம்ணே, ஸ்தோத்திரம்" என்றார். வாட்ச்காரருக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது. திமிர் பிடித்த ஆள் என்று அன்றைக்கு முடிவு செய்தவர், அதன் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்து நகர்ந்து, ஒருநாள் கீழே விழப் பார்த்தார்.

இப்படியே ஒப்பேற்றிக்கொண்டு போயிருக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை வராமல் இருந்திருந்தால்.

அன்றைக்குக் காலையில் ஒரு கம்பிக் கட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். இறக்குகிற இடத்தில் அடியில் போட்ட மரக்கட்டை கோணலாகக் கிடந்தது. சுமை தூக்குகிற ஆட்களில் ஒருவன், குச்சி என்று எல்லாரும் கூப்பிடுவார்கள், ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன், அந்தக் கட்டையை நேராக்கக் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டான். சைகைக்காரன் பார்த்துவிட்டு விசிலை ஊதினான். ஊது ஊதென்று ஊதினான். கீழே இருந்தவர்கள் எல்லாம் கத்தினார்கள். மேலே கிரேன்காரருக்கு வியர்வையில் மூக்குக்கண்ணாடி மங்கிப்போயிருந்தது. லீவரிலிருந்து கையை எடுத்தால் கிரேன் தானே நின்றுவிடும். அதை விட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அவ்வளவுதான் நடந்தது. மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தால், கீழே எல்லா வாயும் பிளந்திருந்தது. கம்பிக் கட்டு அந்தரத்தில் நின்றது. அதற்கும் குச்சியின் முதுகுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. குச்சி தரையோடு தரையாகத் தவழ்ந்து வெளியே வந்தான்.

கிரேன்காரர் கம்பிக் கட்டை மறுபடி உயரத் தூக்கி நிறுத்திவிட்டு, கீழே குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கீழே இறங்கியவரைக் குச்சி ஓடி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டான். கண்ணெல்லாம் தண்ணீர். டீ வாங்கிக் கொண்டுவந்து கையில் திணித்தான். மற்றவர்களைப் பார்த்து என்னவோ சொல்லி, தன் காதைத் தொட்டுக் காட்டி, உள்ளங்கையைப் படமெடுப்பது போலக் குவித்து ஆட்டினான். எல்லாரும் கிரேன்காரரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அண்ணனுக்குப் பாம்புக் காது. விசில் ஊதின நொடியில் நிறுத்திவிட்டார். அதைத்தான் சொல்கிறான். கிரேன்காரர் டீயைக் குடித்தார். குடித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

சனிக்கிழமையும் டீ வந்தது.

ஞாயிறு வந்தது. உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெஞ்சுகளைக் காணோம். கரையான் அரித்துவிட்டதென்று கமிட்டிக்காரர்கள் எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டுவிட்டு, பளபளவென்று வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார்கள். முன் நாற்காலியின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். வளைந்து கொடுத்தது, வேறொன்றும் தெரியவில்லை. சரி, இன்றைக்கு ஒரு கண்ணை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்.

பாஸ்டர் கையை உயர்த்தினார். எல்லாரும் எழுந்தார்கள். முதலில் இவர் நினைத்தபடியேதான் போனது. ஓரக்கண்ணால் வாட்ச்காரரின் வாயைப் பார்த்துக்கொண்டே, உப்புச் சப்பில்லாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் குச்சியின் முகம் வந்து முன்னால் நின்றது. கையில் டீயோடு நின்றது. அதற்கப்புறம் எந்தக் கண் திறந்திருந்தது, எது மூடியிருந்தது என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

மேசைமேல் மணி அடித்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். கிரேன்காரர் நிறுத்தவில்லை.

"அவன் எனக்கு டீ வாங்கித் தர்றான் ஆண்டவரே" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். "நான் அவனக் கொன்னே போட்டிருப்பேன். கண்ணாடி தொடைக்கத்தான் கை எடுத்தேன். விசில் எனக்குக் கேக்கல. எனக்கு ஒண்ணுமே கேக்கல. ரெண்டு வருஷமா ஒண்ணுமே கேக்கல, உமக்குத் தெரியுமே. அவன் என்னப் பாம்புக் காதுன்னு சொல்றான். எனக்கு அந்த டீ உள்ள எறங்கல."

வாட்ச்காரர் அவர் தோளை இடிக்கக் கையைத் தூக்கியிருந்தார். அந்தக் கை அப்படியே நடுவழியில் நின்றுவிட்டது.

"காதக் குடும்னு கேட்டேன், குடுக்கல. சரி, விடும். அவ போனா. பொண்ணு பேசினா எனக்குக் கேக்காதுன்னு அவளுக்குத் தெரியாது, அப்பனுக்குக் கோவம்னு நெனச்சுட்டா. வீட்டுல செவுரப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். இங்க வந்தா இவங்க எல்லாரும் உம்மகிட்டப் பேசறாங்க, நானும் நடுவுல நின்னு பேசறேன், அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு. வேலையும் போச்சுன்னா நான் எங்க போவேன்? ஆனா நாளைக்கு மறுபடி அந்தக் கூண்டுல ஏறணுமே. ஏறினா எவனாவது அடியில வருவானே. நான் என்ன செய்ய? நீர் சொன்னாக்கூட எனக்குக் கேக்காதே."

கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கினார். "ஆமென்" என்றார். கண்ணைத் திறந்தார்.

ஒரு வாயும் அசையவில்லை. பாஸ்டர் மணிமேல் கை வைத்தபடி சிலையாக நின்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் முழுதாகத் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கிரேன்காரருக்கு விளங்க ஒரு நொடி ஆனது. விளங்கியதும் முகத்தில் ஈயாடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது. புது நாற்காலிகளில் முட்டி மோதி, இரண்டைத் தள்ளிவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

தெரு முனையில் பாஸ்டர் ஓடி வந்து பிடித்தார். மூச்சிரைத்தது. தன் போனில் தட்டித் தட்டி எழுதி அவர் முன்னே நீட்டினார். அண்ணே, இங்கே கேட்டது இங்கேயே இருக்கும். உங்கள் கிடங்குக்காரர் யாரும் நம் சபையில் இல்லை. ஒருத்தரும் வெளியே மூச்சு விடமாட்டார்கள். வேலைக்கு ஒன்றும் ஆகாது.

நல்ல மனசோடு எழுதியதுதான். படித்ததும் கிரேன்காரருக்கு அப்பாடா என்றிருந்தது. மறைப்பானேன், நிம்மதியாகத்தான் இருந்தது. பாஸ்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேலை தப்பியது. மானம் கப்பலேறிவிட்டது, சரி, சபையை விட்டு நின்றுவிட்டால் ஆயிற்று.

அறைக்கு வந்து, முந்தின நாள் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். தெருவில் வாய்கள் அசைந்துகொண்டிருந்தன. நிம்மதி மட்டும் பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. ஒருத்தரும் வெளியே சொல்லமாட்டார்கள். அப்படியானால் இனி இவர் சொன்னால்தான் உண்டு. கட்டிலருகே மண்டியிட்டு, "ஒரு வார்த்தை சொல்லுமேன்" என்று கேட்டார். வழக்கம்போல ஒன்றுமில்லை. லாரி போய்க் கட்டில் அதிர்ந்தது, அவ்வளவுதான். ரொம்ப நேரம் அப்படியே கிடந்தார். அழுதார். எழுந்திருக்கும்போது ஒன்று மட்டும் புரிந்தது. இரண்டு வருஷமாக வாயைத் திறந்தால் செத்துவிடுவோம் என்று பயந்துகொண்டிருந்த சொல்லை, காலையில் ஊரறியக் கத்தியாகிவிட்டது. இன்னும் சாகவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஏணியின் முதல் படியில் கால் வைத்தார். கீழே தூரத்தில் குச்சி இவரைப் பார்த்துக் கை ஆட்டினான். இரண்டாவது படிக்குக் கால் எழவில்லை. அதை ஆண்டவர் தந்த பதில் என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. அது ஆண்டவர் பதில் இல்லை என்று அடித்துச் சொல்லவும் மனசு வரவில்லை. காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, நேரே மேஸ்திரியிடம் போனார்.

"மேஸ்திரி, எனக்குக் காது கேக்காது. சுத்தமாக் கேக்காது. வெள்ளிக்கிழம நான் விசில் கேட்டு நிறுத்தல. கண்ணாடி தொடைக்க நிறுத்தினேன். இனி நான் மேல ஏறக் கூடாது." சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நீங்க திட்டறதும் எனக்குக் கேக்காது. ஆனா திட்டுங்க, நான் நிக்கிறேன்."

மேஸ்திரி திட்டினார். ஐயோ, அப்படித் திட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது, பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்து உடைத்தார், எதிரே வந்தவன் திரும்பி ஓடிப்போனான். கிரேன்காரர் அந்த வாயையே பார்த்துக்கொண்டு கடைசிவரை நின்றார். கடைசியில் மேஸ்திரி ஓய்ந்துபோய், அளவு குறிக்கும் சாக்கட்டியை எடுத்து, பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த இரும்புத் தகட்டில் எழுதினார். "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம்."

மேஸ்திரி "வெளியே போ" என்று எழுதினார். தகட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையால் அழித்துவிட்டு, "கொக்கி ஷெட்" என்று எழுதினார். பின்கட்டில் சங்கிலி, கொக்கி எல்லாவற்றையும் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து எண்ணெய் போடுகிற இடம். தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை.

குச்சியிடமும் அவரே போய்ச் சொன்னார். அவன் கையில் அன்றைக்கும் டீ இருந்தது. கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது. முதுகை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். டீயைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். போகும்போது என்னவோ சொன்னான். முதுகு காட்டிச் சொன்னதால் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. தெரியாமலே போனது நல்லது என்று நான் நினைக்கிறேன். அந்த வாரம் முழுக்க அவன் கொக்கி ஷெட் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வேறு யாரும்கூட வரவில்லை. உண்மையைச் சொன்னால் நாலு பேர் வந்து முதுகில் தட்டுவார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். கிரேன்காரர் முன்னைவிடத் தனியாகத்தான் இருந்தார். கூண்டில் இருந்தபோது கீழே மனிதர்களாவது தெரிந்தார்கள். இங்கே நாலு சுவரும் எண்ணெய் வாடையும்தான். எண்ணெய்க் கந்தலால் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே, "இப்பவாவது உம்ம முகத்தப் பாத்துப் பேச முடியுது" என்று அவர் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டார். படுத்தால் தூக்கம் வந்தது. அது ரொம்ப நாளாக வராமல் இருந்த சங்கதி.

மகளுக்கும் தட்டுத் தடுமாறிப் போனில் எழுதி அனுப்பினார். கோபமில்லை, காது கேட்கவில்லை, மன்னித்துக்கொள் என்று. அவள் எழுதியது பக்கம் பக்கமாக வந்தது. உடனே வர முடியாதாம், பிள்ளைகளுக்குப் பரீட்சையாம். ஏன்ப்பா சொல்லல, ஏன்ப்பா சொல்லல என்று நாலு இடத்தில் எழுதியிருந்தாள். அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை போகவே கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டார், கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். கிடங்கிலேயே மேஸ்திரி முன்னால் நின்றாகிவிட்டது, இங்கே என்ன வந்தது என்று கிளம்பிவிட்டார். கடைசி வரிசையில், கதவோரமாக, ஆளில்லாத இடத்தில் உட்கார்ந்தார். தேவைப்பட்டால் ஓடுவதற்கு வசதியான நாற்காலி.

பிரசங்கம் பாதியில் இருக்கும்போது, முன்னாலிருந்து ஒருவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடுகடுவென்ற முகத்தோடு நடந்து வந்தார். வாட்ச்காரர். சபை முழுக்கப் பார்த்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. நாற்காலியைக் கிரேன்காரருக்குப் பக்கத்தில், முட்டி இடிக்கும்படி போட்டு உட்கார்ந்தார். இவர் பக்கம் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, சத்தமே இல்லாமல் சொன்னார்.

"கண்ண மூடிக்குங்க. மணி அடிச்சா நான் தட்டறேன்."

கிரேன்காரர் அந்த உதட்டிலிருந்து அதைப் படிப்பதற்குள் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தரம் வாட்ச்காரரின் முகம் ரொம்பவே கடுத்துவிட்டது.

பாஸ்டர் கையை உயர்த்தினார். எழுந்தார்கள். தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. நாள் முழுக்கக் கடுகளவு திருகாணிகளைப் பிடிக்கும் கை, பாரமே இல்லை. கிரேன்காரர் கண்ணை மூடினார். இரண்டு கண்ணையும் மூடினார். காது வேண்டும் என்று அன்றைக்குக் கேட்கவில்லை. குச்சிக்காகப் பேசினார். அவன் தன்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவனுடைய இரண்டு பிள்ளைகளும் அப்பனோடு வளரட்டும் என்றார். மேஸ்திரியின் தொப்பி உடைந்துபோனதைச் சொல்லி வருத்தப்பட்டார். மகளின் பிள்ளைகள் பரீட்சையைச் சொன்னார். "பக்கத்துல நிக்கிறாரே, இவருக்கு வாய்தான் கொஞ்சம் கசப்பு, மனசு தங்கம். இத்தன வருஷமா இவர் காதச் செவிடாக்கி வெச்சிருந்தேன், மன்னிச்சிரும்" என்றார். கூண்டு போனதைச் சொல்லும்போது கொஞ்சம் அழுதார். கொக்கி ஷெட்டில் தன்னோடு இருந்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னார். தோளில் தட்டு விழும், விழும் என்று ஒரு பக்கம் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார். விழவில்லை. சரி, இன்னும் எல்லாரும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, மிச்சம் இருந்ததையும் சொன்னார். சொல்ல ஒன்றுமில்லை என்று ஆன பிறகு, "ஆமென்" என்று முடித்துக் கண்ணைத் திறந்தார்.

எல்லாரும் தலையைக் குனிந்து நின்றிருந்தார்கள். யார் வாயும் ஜெபத்தில் அசையவில்லை. எப்போதோ முடித்துவிட்டார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. பாஸ்டரின் விரல் மணிக்கு மேலே, தொடாமல், அந்தரத்தில் நின்றது. கிரேன்காரர் பதறிப்போய் வாட்ச்காரரைப் பார்த்தார்.

"ஏண்ணே தட்டல?"

வாட்ச்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து சொன்னார். "மணி இன்னும் அடிக்கல. நீங்க முடிக்கட்டும்னு இருந்தோம்."

அப்போது முன்வரிசையில் ஒருவர் நிமிர்ந்தார். பிறகு எல்லாரும் நிமிர்ந்தார்கள். அத்தனை பேர் உதடும் ஒரே நேரத்தில் சேர்ந்து, திறந்து, மூடியது. கிரேன்காரர் வரிசை வரிசையாக அந்த வாய்களைப் பார்த்தார். ஆமென் என்றார்கள். அவர் ஜெபித்ததற்கு.

அதன் பிறகுதான் பாஸ்டர் மணியை அடித்தார்.